அடிமுடி காணா அனல்

அண்ணாமலையார் அனற்பிழம்பாய் நின்றபோது அடியைத் தேடித் திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்தார்; முடியைத் தேடி நான்முகன் அன்னமாகிப் பறந்தார். இருவரும் காணவில்லை என்பது எங்கள் ஊரின் தலபுராணம். புறத்தோற்றத்தைக் கொண்டு நெருப்பை அளந்துவிட முடியாது என்னும் அக்கதையின் உட்பொருளை, மின்தீக்காயங்களின் வழியே மருத்துவ உலகமும் மெல்லக் கற்றது.

மனிதன் ஆக்கிய மின்சாரம் உயிர் பறித்ததற்கான முதற்பதிவு, 1879இல் பிரான்சின் லியோன் நகரில் இறந்த தச்சர் ஒருவருடையது. தமிழகத்தில் 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் நீர்மின்சாரம் தரத் தொடங்கின. கம்பிகள் ஊர்தோறும் நீண்டன. கூடவே புதியதொரு காயமும் வந்து சேர்ந்தது.

தீக்காயத்தைத் தோலின் பரப்பைக் கொண்டு கணக்கிடுவது மருத்துவ மரபு. 1944இல் லண்டு, பிரவுடர் என்னும் இருவர் வகுத்த அட்டவணை இன்றும் வழக்கிலுள்ளது. மின்சாரத்திடம் இக்கணக்கு தோற்றுப்போகிறது. மின்சாரம் நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் சிறு கருகல்களே தென்படலாம். எலும்போ மின்னோட்டத்தை மிகுதியும் தடுப்பது. ஆதலால் மிகுதியும் சூடேறுவது. அதை ஒட்டிய ஆழ்தசைகள் வெந்துபோக, மேல்தோல் பழுதின்றிக் காட்சி தரும்.

வெந்த தசையின் விளைவைப் புரிந்துகொள்ளப் போர் உதவியது என்பது வரலாற்றின் முரண். லண்டன் குண்டுவீச்சின் இடிபாடுகளில் நசுங்கி, உயிரோடு மீட்கப்பட்டுத் தேறிவந்தவர்கள், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் ஆகிய மருத்துவர்கள் 1941இல் பதிவு செய்தனர். சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. மின்சாரம் தாக்கியவர்க்கு நேர்வதும் இதுவே. சிறுநீர் கருந்தேநீர் நிறம் கொள்வது அதன் முன்னறிவிப்பு. ஆகவேதான் இத்தகையோர்க்கு மணிக்கு 75 முதல் 100 மில்லிலிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்கு நரம்புவழித் திரவம் ஏற்றுகிறார்கள்.

இன்னும் தாமதமாக வருவனவும் உண்டு. உட்சுவர் புண்பட்ட தமனி சில நாட்கள் கழித்து அடைபடலாம், வெடிக்கவும் செய்யலாம். தண்டுவடம் பழுதுபட்டுக் கைகால்கள் தளர்வது, வாரங்களோ மாதங்களோ சென்றபின் தெரியவரலாம். மின்னல் தாக்கியவருக்குக் கண்புரை உண்டானதை பிரெஞ்சு மருத்துவர் சேன்-ஈவ் 1722லேயே எழுதிவைத்தார். தலை, கழுத்துப் பகுதிகளில் மின்சாரம் பாய்ந்தவர்க்கு மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் விழிவில்லை மங்குவதுண்டு.

அண்ணாமலையைப் பாடிய அப்பருக்குத் தஞ்சையை அடுத்த களிமேட்டில் எடுத்த சதய விழாவின் தேர், 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர். இறந்தோர் எண்ணிக்கையை ஆவணங்கள் காத்துவைக்கும். காயமுற்றோரின் கதையோ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளோடு முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. இழப்பீடும் பெரும்பாலும் அன்றைய காயத்தையே அளக்கிறது.

இரண்டாண்டு கழித்துப் பார்வை மங்கும் ஒருவர், அந்த இரவோடு இதைத் தொடர்புபடுத்தத் தெரியாமலே இருந்துவிடலாம். மின்சாரம் தாக்கிப் பிழைத்தவர் எவராயினும், புண் ஆறியபின்னும் கண்ணையும் நரம்பையும் காலமுறைப்படி சோதித்துக்கொள்ள வேண்டும். அன்றைய மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆறிய தோல் மேற்பரப்பு மட்டுமே. அனலின் அடி உள்ளே எங்கோ இருக்கிறது.