நீதிமன்ற ஊழியர் மீது கை ஓங்கினால் என்ன தண்டனை?

பந்திங் வட்டாரத்தில் தோட்டத்திலும் டவுனிலும் உள்ள நம்மவர்களுக்கு வழக்கு என்று வந்தால், பலர் படியேறுவது தெலுக் டத்தோ மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அங்கு நாம் நேரில் பேசுவது முகப்பில் இருக்கும் குமாஸ்தாவிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும்தான். கடன் வழக்கில் உத்தரவோடு வீடு தேடி வருபவர் பெய்லிஃப். தீர்ப்பின் மீதுள்ள கோபம் பெரும்பாலும் இவர்கள் மீதே பாய்கிறது.

குற்றவியல் சட்டம் 21ஆவது பிரிவின்படி, நீதிமன்ற ஆவணங்களைத் தயாரிப்பவர், உத்தரவை நிறைவேற்றுபவர், மொழிபெயர்ப்பவர், நீதிமன்றத்தில் ஒழுங்கைக் காப்பவர் எல்லாருமே பொதுச்சேவை ஊழியர்கள். அவர்களுக்குள்ள பாதுகாப்பு இது:

பிரிவு 186: பணியைத் தடுத்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 189: தீங்கு செய்வதாக மிரட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 353: தாக்கினால் அதே தண்டனை. அடி விழ வேண்டியதில்லை. அடிக்கப் போகிறார் என்று அஞ்சும்படி கை ஓங்கினாலே போதும்.

பிரிவு 332: காயம் விளைவித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாதாரண ஆளுக்குக் காயம் விளைவித்தால், 323ஆவது பிரிவில் சிறை 1 ஆண்டு வரைதான்.

பிரிவு 333: கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

வேலை முடிந்து வீடு திரும்பும்போது, செய்த கடமைக்காகப் பழிவாங்க அடித்தாலும் 353, 332 ஆகிய பிரிவுகள் பொருந்தும். அடிபட்ட ஊழியர் தாமதிக்காமல் போலீசில் புகார் செய்து, அரசாங்க மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

"தவறான உத்தரவோடு வந்தார், அதனால் தள்ளிவிட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியுமா? கடினம். ஊழியர் நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்யும்போது, அந்தச் செயலில் சட்டக் குறை இருந்தாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இல்லாதவரை தற்காப்பு உரிமை கிடையாது என்கிறது பிரிவு 99.

ஆகவே, பெய்லிஃப் வந்தால் அடையாள அட்டையையும் உத்தரவையும் காட்டச் சொல்லுங்கள். வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபம் இருந்தால் நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவில் (ஜபாத்தான் பந்துவான் குவாமான்) ஆலோசனை கேட்கலாம். கடன் வழக்கைப் பேசித் தீர்க்க வழி உண்டு. கை நீட்டிவிட்டால் அது குற்றவியல் வழக்காகிவிடும்.