குற்றப்பிரேரணையும் நடக்காமற்போன விசாரணையும்

2022 மே 9ஆம் திகதி மக்கள் எழுச்சியின் நடுவே பிரதமர் பதவியைத் துறந்த மஹிந்த ராஜபக்ஷ, மறுநாள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தஞ்சம் புகுந்தார். சேதி காதில் விழுந்ததும் தளத்தின் வாசலில் மக்கள் திரண்டனர். எங்கள் ஊரான கிண்ணியாவுக்கு அந்தத் தளம் தொலைவானதல்ல. துறைமுக நீர்ப்பரப்பின் மறுபக்கம். 2009இல் அவரே திறந்துவைத்த பாலத்தால்தான் எங்கள் ஊர் நாள்தோறும் திருகோணமலைக்குப் போய்வருகிறது. அதே மாதம் 17ஆம் திகதி, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே விவாதிக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் கோரப்பட்டது. ஆதரவு 68, எதிர்ப்பு 119. வீதியில் அவருக்கு ஆதரவு வற்றிப்போயிருந்த நாட்களிலும் சபையில் அவருக்குப் பெரும்பான்மை இருந்தது. ஜூலையில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கடிதத்தோடு பதவி முடிந்தது.

மக்கள் எழுச்சியே ஒருவரை இறக்கிவிடுமென்றால், அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரையிலுள்ள குற்றப்பிரேரணையால் என்ன பயன்? பதவியிறக்கும் கருவியாகப் பார்த்தால் இலங்கையில் அது ஒருமுறையும் பயன்தரவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் உயிர் பதவியிறக்கத்தில் இல்லை, விசாரணையில் இருக்கிறது என்பதே என் கருத்து. அந்த விசாரணையைத்தான் நாம் திரும்பத் திரும்ப இழந்து வந்திருக்கிறோம்.

சட்டம் சொல்வது இது. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியது, தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகம் போன்ற குற்றச்சாட்டுகளை விவரமாக எழுதி உறுப்பினர்கள் சபாநாயகரிடம் கையளிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225 பேரில் 150 பேர் ஒப்பமிட்டிருந்தால் போதும். பாதிப்பேர் மட்டும் ஒப்பமிட்டிருந்தால், விசாரணைக்குரிய விடயம்தான் என்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பிறகு சபையில் மூன்றில் இரண்டு. பிறகு உயர் நீதிமன்ற விசாரணை. குற்றவாளி என்று நீதிமன்றம் அறிக்கையிட்டால் மறுபடியும் மூன்றில் இரண்டு. இத்தனை வாசல்களையும் தாண்ட ஆளுங்கட்சிக்குள்ளேயே பிளவு வேண்டும்.

1991இல் அந்தப் பிளவு வந்தது. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியின் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் எதிர்க்கட்சிகளோடு கைகோர்த்து, ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச மீது 24 குற்றச்சாட்டுகள் கொண்ட பிரேரணையைச் சபாநாயகர் எம். எச். மொஹமட்டிடம் கொடுத்தனர். ஓகஸ்ட் இறுதியில் அவர் அதை ஏற்றுக்கொண்டார். அப்படி ஏற்றபின் ஜனாதிபதியால் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது. அரசியலமைப்பு அந்தக் கதவைப் பூட்டியிருக்கிறது. ஆனால் பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. கூட்டத்தொடரை ஒத்திவைக்கத் தடையேதும் இல்லை. பிரேமதாச ஒத்திவைத்தார். சபை செப்டம்பர் பிற்பகுதியில்தான் மீண்டும் கூடியது. அந்த இடைவெளியில் ஒப்பமிட்டவர்களில் சிலர் பின்வாங்கினர். ஏமாற்றி ஒப்பம் வாங்கினார்கள் என்றனர் சிலர். ஒக்டோபரில், செல்லுபடியான ஒப்பங்கள் போதவில்லை என்று சபாநாயகர் பிரேரணையை நிராகரித்தார். இருபத்துநான்கு குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட எந்த மன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை.

அவற்றில் ஒன்று கிழக்கு மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமானது. இந்தியப் படையை வெளியேற்றும் நோக்கில் விடுதலைப் புலிகளுக்கு அரசே ஆயுதம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டு அது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது கிழக்கில் சரணடைந்த பொலிஸார் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டனர். அடுத்து வந்த இராணுவ நடவடிக்கைகளில் தமிழ்க் கிராமங்கள் வெறிச்சோடின. எந்த ஆயுதம், யாருடைய கட்டளையில், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று உயர் நீதிமன்றம் கேட்டிருக்குமானால், அந்தப் பதில் கொழும்பு அரசியல்வாதிகளைவிட எங்களுக்கே அதிகம் உதவியிருக்கும். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகித்துக் கழித்த அந்த ஆண்டுகளில், பொறுப்பு எங்கே தொடங்கியது என்று காட்டக்கூடிய ஆவணம் ஒன்றாவது நமக்குக் கிடைத்திருக்கும்.

பிரேரணை கொண்டுவந்தவர்களுக்கு அரசியல் இலாபம் கிடைத்ததா? கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள், அந்த நீக்கம் செல்லும் என்று 1991 டிசம்பரில் நீதிமன்றமும் சொன்னதால் ஆசனங்களையும் இழந்தார்கள். புதுக்கட்சி தொடங்கினார்கள். லலித் 1993 ஏப்ரல் 23இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாளில், மே தினத்தன்று, பிரேமதாச குண்டுவெடிப்பில் மாண்டார். ஐக்கிய தேசியக் கட்சிக்குத் திரும்பி ஜனாதிபதித் தேர்தலில் நின்ற காமினி 1994 ஒக்டோபரில் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, ஓகஸ்டில், அக்கட்சியின் பதினேழு ஆண்டு ஆட்சி முடிந்திருந்தது. அந்தப் பிளவு ஆட்சி மாற்றத்துக்கு உதவியது உண்மைதான். விதைத்தவர்கள் எவரும் அறுக்கவில்லை.

தென்கொரியாவில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே பாராளுமன்றம் வாக்களித்த கணமே ஜனாதிபதியின் அதிகாரங்கள் நின்றுவிடும். பிரேமதாச செய்ததுபோல் பதவியிலிருந்துகொண்டே நாட்காட்டியைத் தன் வசதிக்குத் திருப்ப முடியாது. 2016 டிசம்பரில் ஜனாதிபதி பாக் குன் ஹேக்கு எதிராக வாக்களித்த 234 பேரில் அவருடைய கட்சிக்காரர்களும் இருந்தனர். அடுத்த மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அவரை நீக்கியது. அதே நாட்டில் 2004இல் ஜனாதிபதி ரோ மூ ஹியூன் மீது எதிர்க்கட்சிகள் அவசரப்பட்டுப் பிரேரணை நிறைவேற்றின. அடுத்த மாதத் தேர்தலில் மக்கள் எதிர்க்கட்சிகளைத்தான் தண்டித்தனர். நீதிமன்றமும் ரோவை மீண்டும் ஆசனத்தில் அமர்த்தியது. குற்றத்தின் கனம் மக்களுக்குப் புரியாவிட்டால், எண்ணிக்கை மட்டும் இருந்து பயனில்லை.

கிண்ணியாவில் பொறுப்புக்கூறல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை 2021 நவம்பர் 23 காட்டியது. குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டி முடியாத நிலையில், மாற்று வழியாக ஓடிய படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் மூழ்கினர். கைதுகள் உடனே நடந்தன, எல்லாம் உள்ளூரில். மேலிடத்திலிருந்து வந்த முடிவுகளின் கதை வேறு. அதே ஆண்டில்தான் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. எங்கள் வயல்களில் நெல் குன்றியது. அதற்கு முந்தைய ஆண்டு முதல், கொரோனாவில் மரணித்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் வலுக்கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆவது திருத்தத்துக்குக் கைதூக்கிய 156 பேரில், கிழக்கின் முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து சேர்ந்துகொண்டனர். இதை எழுதும்போது எனக்கு மனம் வலிக்கிறது. குற்றப்பிரேரணை என்று ஒன்று வந்திருந்தால், யார் எதற்குக் கைதூக்கினார் என்ற பதிவும் அதோடு சேர்ந்து வந்திருக்கும்.

பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ஷ சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது சில குடிமக்களின் அடிப்படை உரிமை மனுக்களால் வந்தது. மக்கள் பிரதிநிதிகள் செய்ய வேண்டியதை மனுதாரர்கள் செய்தார்கள். ஜனாஸா எரிப்போ அந்த வழக்கின் பொருளே அல்ல.

2024 நவம்பர் தேர்தலுக்குப் பின் ஜனாதிபதியின் கட்சியிடம் 159 ஆசனங்கள் இருக்கின்றன. எஞ்சிய 66 பேரும் ஒன்றுசேர்ந்தாலும் சபாநாயகரின் கதவைத் தட்டத் தேவையான பாதிக்கு எட்டாது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்பது இந்த அரசின் வாக்குறுதி. அது நிறைவேறினால் நல்லது. அதுவரையில் 38ஆம் உறுப்புரையில் இரண்டு மாற்றங்களாவது வேண்டும். பிரேரணை ஏற்கப்பட்டபின் கூட்டத்தொடரை ஒத்திவைக்கத் தடை வேண்டும். ஜனாதிபதி இடையில் விலகிவிட்டாலும், தொடங்கிய விசாரணையை உயர் நீதிமன்றம் முடித்து அறிக்கையைப் பகிரங்கப்படுத்த வேண்டும். இதைப் படிக்கும் இளைஞர்கள் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் வீதியும் வேலையும் கேட்பார்கள். 38ஆம் உறுப்புரையில் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கட்டும்.