பிறைச் செய்தியும் பெருநாள் நிகழ்ச்சியும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலைகள் நம் தென்கடலோர ஊர்களை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. 1982இல் தோன்றிய இலங்கை ரூபவாஹினியோ, உயர்ந்த ஆண்டெனாக் கம்பம் நட்ட வீடுகளுக்குக் கடல் தாண்டி வந்தது.

எண்பதுகளின் இறுதியில் எங்கள் இல்லத்திற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்து சேர்ந்தது. எம் பாட்டனார் அதனை ‘ஷைத்தான் பெட்டி’ என்பார். ஆயினும் ரமலான் 29ஆம் நாள் மஃரிபு தொழுததும் அதன் முன் முதலில் அமர்பவர் அவரே. தலைமைக் காஜியின் பிறை அறிவிப்பு செய்தியில் வரவேண்டுமே! உள்ளபடி அந்த ஒற்றை வரியே எங்களுக்குச் சிறப்பு நிகழ்ச்சி.

அறிவிப்பு வந்ததும் ஆண்கள் தக்பீர் முழங்கப் பள்ளிவாசலுக்குச் செல்வர். பெண்களோ அடுக்களைக்குள் புகுவர். மாவு இடிப்பதும், வட்டிலப்பத்திற்குத் தேங்காய்ப்பால் பிழிவதும், உறங்கி விழும் பிள்ளைகளுக்கு மருதாணி இடுவதுமாக நள்ளிரவு கடந்துவிடும்.

மறுநாள் பெருநாள் நிகழ்ச்சி. நாகூர் ஹனீபாவின் குரல் எழுந்தால் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்களும் எங்கள் பாயில் வந்து அமர்வர்.

அண்மையில் உம்மாவிடம் அந்நிகழ்ச்சிகளைக் குறித்து வினவினோம். ஒன்றையேனும் முழுதாகப் பார்த்ததில்லை என்றார். பாட்டை அடுக்களையிலிருந்தே கேட்டாராம். ஒருமுறை, “ஹனீபா காக்கா என்ன நிறத்தில் தொப்பி போட்டிருக்கிறார்?” என்று அங்கிருந்து கேட்டதற்கு, “நம் பெட்டியில் நிறம் தெரியாது உம்மா” என்று நாங்கள் திரும்பிப் பாராமலே விடையிறுத்தோமாம்.