போர்க்காலச் சவர்க்காரம்

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகரின்மீது ஜப்பானியர் குண்டு பொழிந்தனர். 19ஆம் நாள் பினாங்கு அவர்தம் கைப்பட்டது. மேலைநாட்டுக் கப்பல்கள் நின்றன; அவற்றில் வந்த சவர்க்காரக் கட்டிகளும் நின்றன. 1945 செப்டம்பரில் ஆட்சி நீங்கும்வரை, செம்பனை எண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொண்டு மலாயாவிலேயே சவர்க்காரம் ஆக்கப்பட்டது.

அதன் நுட்பம் எளியது. கொழுப்பும் காரமும் கூடினால் சவர்க்காரமும் கிளிசரினும் பிறக்கும். எரிசோடா இறுகிய கட்டியைத் தரும். மரச்சாம்பல் நீர் தருவதோ குழைந்த சவர்க்காரமே. தேங்காயெண்ணெய் நுரையை மிகுக்கும். செம்பனை எண்ணெய் உறுதி சேர்க்கும். பன்றிக்கொழுப்பும் இதற்கு ஏற்றதே. ஆயினும் முஸ்லிம்கள் அதனை விலக்குவர். பல சமயத்தார் கூடிவாழும் பினாங்கில் அனைவர்க்கும் பொதுவாய் அமையத்தக்கவை தாவர எண்ணெய்களே.

ஆனால், அவை சமையலுக்கும் உரியவை. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கால் பசியாறிய அந்நாளில், இருக்கும் எண்ணெய் உணவுக்கா, உடல் தூய்மைக்கா என்பது எளிய வினாவன்று. மருந்தும் அரிதாகிவிட்டபோது, நோயைத் தடுக்கும் தூய்மையும் உணவைப் போன்றே உயிர் காப்பதாகும்.

சவர்க்காரம் என்னும் சொல்லிலேயே காரம் உறைகின்றது. கடைச்சரக்கின் பளபளப்பில் மக்கள் மறந்திருந்த அவ்வுண்மையைப் பஞ்சம் மீண்டும் கற்பித்தது. வரலாறு போர்க்களத்தில் மட்டுமன்று, வண்ணான் துறையிலும் நிகழ்கின்றது.