தொடக்ககால ஓப்பரா இசைத்தட்டுகள்

கதையைப் பெரும்பாலும் பாடியே நடிக்கும் மேலைநாட்டு இசைநாடகமாகிய ஓப்பராவின் புகழ்பெற்ற பாடகர்கள், 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு பாடிப் பதித்த தட்டுகள் தொடக்ககால ஓப்பரா இசைத்தட்டுகள் எனப்படும்.

அக்காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாய்க்கு நேரே நின்று பாட, குழாயின் குறுகிய முனையிலிருந்த மெல்லிய தகடு குரலின் விசையால் அதிர்ந்து, அதனுடன் இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் வரியைக் கீறிச் சென்றது. உச்சத்தில் உரக்கப் பாடும்போது பாடகர் குழாயிலிருந்து சற்றுப் பின்வாங்க வேண்டியிருந்தது; வயலினின் மெல்லொலி குழாய்க்கு எட்டாததால், ஒலியைக் குவிக்கும் உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலின்கள் பயன்பட்டன. பத்து அங்குலத் தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும் என்பதால் பாடல்கள் சுருக்கப்பட்டன, சில விரைவுபடுத்தவும்பட்டன. மேல் அதிர்வெண்கள் பதியாமல் போனதில் பெரிதும் இழந்தவர்கள் சோப்ரானோ எனப்படும் பெண் உச்சக்குரல் பாடகியர். டெனார் எனப்படும் ஆண் உச்சக்குரலோ நிறைவாகப் பதிந்தது.

நேப்பிள்ஸில் 1873இல் பிறந்த டெனார் என்ரிகோ கரூசோ, 1902 ஏப்ரலில் மிலான் நகர விடுதி அறையொன்றில், நூறு பவுன் ஊதியத்துக்குப் பத்துப் பாடல்களைப் பதித்தார். பதிவு செய்தவர் பிரெட் கைஸ்பர்க். அதே ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதித்தவரும் இவரே. கிராமபோனை விளையாட்டுப் பொருளாக எண்ணி ஒதுங்கியிருந்த மூத்த பாடகர்களையும் கரூசோவின் வெற்றியே அதன்பால் இழுத்தது. இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஒதெல்லோ’ ஓப்பரா 1887இல் அரங்கேறியபோது தலைமைப் பாத்திரம் ஏற்ற பிரான்செஸ்கோ தமாக்னோ 1903இல் பாடிப் பதித்தார். பதினாறு வயதில், 1859இல், நியூயார்க்கில் மேடையேறிய அடெலினா பட்டி, 1905இல் வேல்ஸிலுள்ள தம் மாளிகைக்கே கருவிகளை வரவழைத்துத் தம் அறுபத்திரண்டாம் வயதில் பாடினார். மூச்சு குறைந்த அப்பதிவுகளிலும் சொல்லை இசையோடு இழைக்கும் அவரது நயம் இன்றும் ஒப்பற்றது.

இத்தட்டுகளை மதிப்பிடுவோர் முதலில் தீர்க்க வேண்டியது சுழல்வேகம். பொதுப்பெயர் 78 சுற்று என்றாலும், பதிவு வேகம் தட்டுக்குத் தட்டு வேறுபட்டது; நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்து, குரலின் இயல்பே மாறிவிடும். இப்பாடகர்கள் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்வதையும் தாளத்தை நெகிழ்த்துவதையும் கட்டுப்பாடின்மை எனப் பிற்காலத்தார் சிலர் குறை கூறினர். அது பொருந்தாது. தமாக்னோ வெர்டியிடமே நேரில் பயின்று ஒதெல்லோ பாத்திரத்தைப் பாடியவராதலின், அவரது தட்டு அச்சிட்ட சுரக்குறிப்பைவிட நெருங்கிய சான்றாகும்.

மின்முறைப் பதிவு வருவதற்கு முன்பே, 1921இல், கரூசோ மறைந்தார். மின்முறைக்கு முந்தைய இப்பதிவுகள் பல இன்று எண்முறையாக்கப்பட்டுள்ளன; அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011 முதல் அவற்றில் ஒரு பெருந்தொகுதியை இணையத்தில் கட்டணமின்றி வழங்கி வருகிறது.