படிகாரமும் பொன்னும்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்கும் பிள்ளைகளிடம் அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டால் பலர் விழிப்பார்கள். காசநோய்க்காரர்களைக் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்து, ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்துத் தேற்றும் இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் இங்கே அதைத் தொடங்கினார். அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் இதேபோல ஒன்றை நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் அந்த நாட்டில் நோயுற்றிருந்தபோது அங்கே சிலகாலம் சிகிச்சை பெற்றார். தாம்பரம் சானடோரியத்தை 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அதே சானடோரியம் பகுதியில்தான் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. 2005 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்துவைத்தார். ஆங்கில மருத்துவமும் சித்த மருத்துவமும் இப்படி அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஊர்கள் அதிகம் இல்லை.

சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம் என்று உலோகங்களைப் புடமிட்டுச் செய்யும் மருந்துகள் உண்டு. தங்கம், வெள்ளி, இரும்பு, நாகம் எல்லாவற்றிலும் செய்வார்கள். பற்பம் சரியாக முடிந்ததா என்று பார்க்க, அதை விரல் ரேகைக்குள் தேய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீரின் மேல் தூவினால் மிதக்க வேண்டும். உலோகப் பளபளப்பு போயிருக்க வேண்டும். இவையெல்லாம் துகள் எவ்வளவு பொடி என்று காணும் சோதனைகள்தான். இந்தக் காலத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது சில பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதும் தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

கொரோனாவுக்குப் பிறகு இதை வைத்து ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கிறது. “தங்க பற்பம் அன்றே நானோ மருந்து, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்” என்று துண்டுப் பிரசுரங்கள் வருகின்றன. எங்கள் தெருவில் ஓர் அம்மாளுக்குப் பல வருடங்களாக முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, வாரம் ஒரு முறை மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அப்படி ஒரு பிரசுரத்தைக் கொண்டுவந்து, “சார், இதைச் சாப்பிட்டால் அந்த மாத்திரையை விட்டுவிடலாமா?” என்று கேட்டார். “உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒன்றையும் விடாதீர்கள், ஒன்றையும் சேர்க்காதீர்கள் அம்மா” என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் உலோகத்துக்கும் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள உறவின் வரலாறு அந்தப் பிரசுரம் சொல்வதைவிட மிகவும் சுவையானது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தங்கம். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக், தங்கம் கலந்த ஒரு சயனைடு உப்பு சோதனைக் குழாயில் அந்தக் கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது என்று 1890-ல் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு பலர் தங்க உப்புகளைச் செய்துபார்த்தார்கள். 1920-களின் நடுவில் டென்மார்க்கின் மோல்கார்ட் என்பவர் ‘சானோகிரைசின்’ என்ற தங்க ஊசியைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் அது வேகமாகப் பரவியது. தாம்பரத்தில் சானடோரியம் திறந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் பதினைந்து வருடங்களுக்கு மேல் இருந்தது. வேறு மருந்தே இல்லாத நோய்க்குத் தங்கத்தில் ஊசி என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் ஆம்பர்சன் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் மட்டும் சும்மா நம்பவில்லை. நோயின் நிலையில் ஒத்த 24 நோயாளிகளை எடுத்து, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். எந்தக் குழுவுக்குத் தங்கம் என்பதை ஒரு காசைச் சுண்டி முடிவு செய்தார்கள். மற்றக் குழுவுக்கு வெறும் வடிநீர் ஊசி. தனக்குப் போட்டது எது என்று நோயாளிக்குத் தெரியாது. 1931-ல் முடிவு வெளியானது. தங்கத்தால் பலன் இல்லை. நஞ்சின் விளைவுகள்தான் தெரிந்தன. அந்த மருந்துக்கு இருந்த பெரும் பெயரை ஒரு காசும் 24 பேரின் கணக்கும் அசைத்துவிட்டன.

தங்கத்தின் கதை இதோடு முடியவில்லை. பிரான்சில் ழாக் ஃபொரெஸ்தியே என்ற மருத்துவர், முடக்குவாதமும் காசநோய்க்கு உறவுள்ள நோயாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் முடக்குவாதக்காரர்களுக்குத் தங்க ஊசி போட்டார். 1929-ல் முடிவுகளை எழுதினார். அவர் எண்ணம் தவறு, ஆனால் நோயாளிகளுக்குக் குணம் தெரிந்தது. பிறகு 1960-ல் பிரிட்டனில் ஒப்பிட்டுச் செய்த ஆய்வும் அதை உறுதிப்படுத்தியது. பல ஆண்டுகள் தங்க ஊசி அந்த நோய்க்கு வழக்கமான மருந்தாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடக்குவாதம் எதிர்ப்பு சக்தி குறைந்து வருவது அல்ல. நம் காவல்காரனே நம் வீட்டை அடிப்பதால் வருவது. தங்க உப்பு அவனை உசுப்பவில்லை, அடக்கியது. அந்தத் தெரு அம்மாளுக்கு எதிர்ப்பு சக்தியைக் ‘கூட்டுகிறேன்’ என்று ஒருவர் வந்தால், அது உண்மையாக இருந்தாலும் ஆபத்து, பொய்யாக இருந்தாலும் நஷ்டம்.

காவல்காரனை உசுப்பிய உலோகம் எது என்றால், விலை மலிவான அலுமினியம்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். லூயி பஸ்தேரைப் பற்றியும், வெறிநாய் கடித்து அவரிடம் வந்து பிழைத்த சிறுவன் ழோசேஃப் மெய்ஸ்தரைப் பற்றியும் மனப்பாடமாகச் சொல்லுவோம். ஆனால் அதே பஸ்தேர் நிறுவனத்தில் வேலை பார்த்த கஸ்தோன் ரமோன் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி கிடையாது. அவர் கால்நடை மருத்துவர். தொண்டை அடைப்பானுக்கு மருந்தெடுக்கக் குதிரைகளுக்கு ஊசி போடுவது அவர் வேலை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து வீங்கிய குதிரைகளின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். அப்படியானால் வேண்டுமென்றே கொஞ்சம் வீங்கவைப்போமே என்று ஜவ்வரிசியையும் ரொட்டித் தூளையும் ஊசி மருந்தோடு கலந்து பார்த்தார். 1925-ல் அது பலித்தது. நம் சேலத்து ஜவ்வரிசிதான், பாயசத்துக்குப் போடுவது! இப்படிச் சேர்க்கும் துணைப்பொருளுக்கு ‘அட்ஜுவாந்’ என்று பெயர். உதவி செய் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல்.

அடுத்த ஆண்டு, 1926-ல், இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி தடுப்பு மருந்தைச் சுத்தப்படுத்துவதற்காக அதில் படிகாரம் சேர்த்தார். கலங்கல் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் அழுக்கு அடியில் தங்குமல்லவா, அதே வேலைதான். அடியில் தங்கிய படிவை ஊசியாகப் போட்டால் எதிர்ப்பு பல மடங்கு கூடியது. படிகாரம் பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த ஓர் உப்பு. சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்த்தது அதுதான். சித்த மருத்துவத்தில் படிகார பற்பம் என்று ஒரு மருந்தும் உண்டு. ஆனால் அது வேறு நோய்க்கு, வாய்வழியாகக் கொடுப்பது.

அன்றிலிருந்து இன்றுவரை குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பூசி, ஐந்து நோய்த் தடுப்பூசி, மஞ்சள்காமாலை பி தடுப்பூசி ஆகியவற்றில் அலுமினிய உப்பு சேர்ந்தே இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் அனைவரும் அதை வாங்கியவர்கள்தான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது பல காலம் தெளிவாகத் தெரியவில்லை. 1989-ல் சார்லஸ் ஜேன்வே என்ற அறிஞர், இது எங்கள் துறையினர் வெளியே சொல்லக் கூச்சப்படும் ரகசியம் என்கிற பொருளில் பேசினார்.

ஆபீஸ் பாணியில் சொல்கிறேன். உடம்பில் இரண்டு பிரிவுகள் உண்டு. வாசலில் நிற்கும் காவல் பிரிவு பிறவியிலேயே வருவது. யார் வந்தாலும் தடியை ஓங்கும். உள்ளே இருப்பது பதிவேட்டுப் பிரிவு. ஒவ்வொரு கிருமிக்கும் தனிக் கோப்பு திறந்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். வாசலில் மணி அடிக்காவிட்டால் உள்ளே கோப்பு திறக்காது. சுத்திகரித்த தடுப்பு மருந்து ஆபத்தாகத் தோன்றாததால் காவலாளி பேசாமல் இருந்துவிடுகிறான். அலுமினியத் துகள்கள் போனதும், விழுங்கும் செல்கள் அவற்றை விழுங்கித் தொந்தரவுபட்டு, மணியை அடிக்கின்றன. அந்த மணியின் ஒரு பகுதி எந்தப் புரதம் என்பது 2008-ல்தான் தெரிய வந்தது.

2021-ல் நம் நாட்டில் போட்ட கோவாக்சினிலும் அலுமினியம் உண்டு. அந்த ஜெல்லின் மேல், காவல் பிரிவை நேராகத் தட்டி எழுப்பும் ஒரு சிறு மூலக்கூறையும் ஒட்டியிருந்தார்கள். சீனாவில் பீக்கிங் பல்கலைக்கழகத்தார் மாங்கனீசு அதே காவல் பிரிவின் வேறொரு மணியை அடிக்கிறது என்று 2018-ல் எலிகளில் காட்டினார்கள். உலோக நானோ துகள்களின் அளவையும் மேற்பரப்பையும் மாற்றி, எந்த மணியை எவ்வளவு அடிப்பது என்று தீர்மானிக்கும் ஆராய்ச்சி இப்போது பல நாடுகளில் நடக்கிறது.

ஆக, உலோகத் துகள் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பது கட்டுக்கதை அல்ல. நூறு வருட அனுபவம். ஆனால் எந்த உலோகம், எந்த வடிவில், எவ்வளவு, ஊசியாகவா வாய்வழியாகவா, யாருக்கு என்ற ஐந்து கேள்விக்கும் பதில் வேண்டும். துகள் பொடியாக இருப்பது ஒரு கேள்விக்குக்கூட முழுப் பதில் ஆகாது. ரசம், ஈயம் கலந்த மருந்துகள் கெட்டால் சிறுநீரகம் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சித்தர்களைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ரேகையில் தேய்த்தும் தண்ணீரில் மிதக்கவிட்டும் சோதித்த பிறகே மருந்தைக் கொடுத்தவர்கள், பிரசுரத்தை நம்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் செய்தது அக்காலத்துச் சோதனை. காசைச் சுண்டிப் பார்ப்பது இக்காலத்துச் சோதனை. சானடோரியத்தில் மருந்து செய்யத் தெரிந்தவர்களும் நோயாளிகளைக் கணக்கெடுத்துப் பழகியவர்களும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். ஒரு பற்பத்தை எடுத்து, பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல், பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும். பலன் உண்டு என்று வந்தால் உலகமே நம் ஊரைத் தேடி வரும். இல்லை என்று வந்தால் அந்தத் தெரு அம்மாளின் பணமும் உடம்பும் மிஞ்சும்.