பேராலயத்தின் எதிரொலி

இலண்டன் டெக்கா நிறுவனம் 1951இல் வெளியிட்ட 'சார்மேன்' என்னும் இசைத்தட்டு பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது. மெட்டு பழையது, 1926இல் ஒரு மௌனப் படத்திற்கென எழுதப்பட்ட வால்ட்சு. வயலின்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அருவிபோல் வழிந்த அதன் புதிய ஓசைதான் மக்களைக் கட்டிப்போட்டது. 'மண்டோவானி ஓசை' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதனை எண்ணிக் கண்டவர் வேறொருவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

அனுன்சியோ பாவோலோ மண்டோவானி 1905இல் வெனிஸ் நகரில் பிறந்தவர். தந்தையார் மிலானின் லா ஸ்காலா அரங்கில் டாஸ்கனினியின்கீழ் வயலின் வாசித்தவர். குடும்பம் 1912இல் இங்கிலாந்தில் குடியேறியது. இளமையிலேயே விடுதிகளில் இசைக்குழு நடத்திய மண்டோவானி, நாற்பதுகளில் நோயல் கவார்டின் மேடை நாடகங்களுக்கும் இசை நடத்தினார். பின்னர் அமெரிக்கச் சந்தையை நோக்கி டெக்கா வால்ட்சுத் தொகுப்பொன்றைத் திட்டமிட்டபோது, பிற குழுக்களிடம் இல்லாத தனி ஓசை அவருக்குத் தேவைப்பட்டது.

அதைத் தந்தவர் ரொனால்டு பின்ஜ். டார்பி நகரத்தவர், சிறுவயதில் கோவில் பாடற்குழுவில் பாடியவர், திரையரங்கில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர், 1935 முதல் மண்டோவானி குழுவுக்கு இசைக்கோவை எழுதியவர். மொன்தெவெர்தியின் இசையை அவர் கருத்தூன்றிப் பயின்றிருந்தார். மொன்தெவெர்தி 1613 முதல் 1643இல் இறக்கும்வரை வெனிஸ் புனித மாற்கு பேராலயத்தின் இசைத் தலைவராய் இருந்தவர். அங்கே பாடகர் நிறுத்திய பின்னும் சுரம் குவிமாடங்களில் தங்கி அடுத்த சுரத்தோடு கலக்கும். கட்டடம் செய்யும் இவ்வேலையை வாசிப்போர் கைகளே செய்யட்டும் எனப் பின்ஜ் எண்ணினார். வயலின்களைப் பல பிரிவாக்கினார். முதற் பிரிவு மெட்டின் முதற் சுரத்தை வாசித்துக் கார்வையாய் நீட்டும்; அது ஓயுமுன் இரண்டாம் சுரத்தை அடுத்த பிரிவு எடுக்கும்; மூன்றாவது அதற்கடுத்தவர்க்கு. மெட்டு முழுவதையும் எந்தப் பிரிவும் வாசிப்பதில்லை. எனினும் கேட்போர் செவியில் மெட்டும் அதன் எதிரொலியும் சேர்ந்தே விழும். வெனிஸில் பிறந்தவருக்கு வெனிஸின் எதிரொலியை ஓர் ஆங்கிலேயர் தாளில் எழுதிக் கொடுத்தார்!

'சர்க்கரைப் பாகு' என்று விமரிசகர் எள்ளினர். பின்வந்த தட்டுகள் சிலவற்றிற்கு அது பொருந்தும். ஒரே உத்தியை அளவுமீறிக் கையாண்டனர் என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் 'சார்மேனை' அவ்வாறு ஒதுக்க மனம் ஒப்பவில்லை. வழிபாட்டிடத்தின் ஓசை நடன மெட்டில் புகுந்ததால் இழிந்ததாகவும் நமக்குத் தோன்றவில்லை. பேராலயத்தில் கால்வைத்திராத எத்தனையோ பேர் அதன் சாயலை வீட்டு முன்னறையில் கேட்டனர்.

1953இல் 'மூலான் ரூஜ்' மெட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. புகழ் மண்டோவானியைச் சேர்ந்தது. பின்ஜ் சொந்தமாக இயற்றும் பணிக்குத் திரும்பினார். 1963இல் அவர் இயற்றிய 'செயிலிங் பை', பிபிசி வானொலியில் பின்னிரவுக் கடல் வானிலை அறிக்கைக்கு முன்பாகப் பல பத்தாண்டுகள் ஒலித்தது. அவர் 1979இல் மறைந்தார். மண்டோவானி 1980 மார்ச்சில்.